வாரம் முழுக்கக் கை ஓயவில்லை: இந்தப் புதிருக்கு விடை ஒன்றுதானா?

மந்தரஸ்தாயி:

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரம் புதிர் போடுவது என் முறை. முன்பெல்லாம் பாடகர் யார், எந்த ஆண்டு, எந்தச் சபை என்ற மாதிரிக் கேள்விகளாகவே போட்டோம். அவற்றில் எனக்கு மனம் ஒட்டவில்லை. தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார், தெரியாதவர் சும்மா உட்கார்ந்திருப்பார். தாளம் போடத் தெரிந்து, ஸ்வரம் பாடத் தெரிந்த யாரும் உட்கார்ந்து அவிழ்க்கக்கூடிய புதிராக ஒன்று வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அப்படி ஒன்றைக் கட்டியிருக்கிறேன்:

வாரம் முழுக்கக் கை ஓயவில்லை,
கோளுக்கு ஓர் ஆவர்த்தனம்.
திங்களும் புதனும் கணக்கில் ஒன்று, வழியில் வேறு;
ஞாயிறும் வெள்ளியும் அப்படியே.
மொத்தம் காட்டும் வீட்டில் ஒருத்தி.
ஒரு ஸ்வரம் மாற்றினால் அவள் சங்கரனின் நகை.
அந்த ஸ்வரம் வேண்டாம். உதடு கேட்கும் எதுவும் வேண்டாம்.
மிஞ்சியதைப் பாடிய முத்து ஊர்ப்பெயரால் ஒப்பமிட்டது.

ராகம் எது, பாட்டு எது, முத்து யார்?

விடையை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எந்த வரியில் நின்றீர்கள், வேறு எந்தப் பக்கம் போனீர்கள் என்பதையும் எழுதுங்கள். எனக்கு வேண்டியது அதுதான். இந்தப் புதிர் ஒரே ஒரு விடைக்குத்தான் கொண்டுபோகிறதா, அல்லது நியாயமான இன்னொரு வழியும் திறந்திருக்கிறதா? கட்டியவளுக்கு அது கண்ணில் படாது.

ஜண்டைவரிசை:

அக்கா, முதல் இரண்டு வரி புரிந்த மாதிரி இருக்கிறது. வாரம், கோள் என்றால் தீட்சிதரின் நவக்கிரக கிருதிகள். ஞாயிற்றுக்கு சூர்யமூர்த்தே, திங்களுக்கு சந்த்ரம் பஜ, செவ்வாய்க்கு அங்காரகம், புதனுக்கு புதமாச்ரயாமி, வியாழனுக்கு ப்ருஹஸ்பதே, வெள்ளிக்கு ஸ்ரீ சுக்ர பகவந்தம், சனிக்கு திவாகர தனுஜம். ஏழும் ஏழு தாளம். ஒவ்வொரு தாளத்திலும் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, எத்தனை அட்சரம் (எண்ணிக்கை) என்று கூட்டச் சொல்கிறீர்கள், சரிதானே?

கூட்டினேன், 62 வந்தது. 72 மேளங்களில், அதாவது தாய் ராகங்களில், 62ஆவது ரிஷபப்ரியா. ஒரு ஸ்வரம் மாற்று என்றால் மத்திமத்தைத்தான் (ம) மாற்ற வேண்டும் என்று நினைத்து, அந்த ஒன்றில் மட்டும் வேறுபடும் மேளத்துக்குப் போக 36ஐக் கழித்தால் 26, சாருகேசி. சங்கரனும் இல்லை, நகையும் இல்லை. கோள் என்றால் ஒன்பதாயிற்றே என்று ராகு, கேதுவையும் சேர்த்துப் பார்த்தேன், அதுவும் சரிப்படவில்லை. எங்கே வழி மாறியது?

அரையிடம்:

தம்பி, செவ்வாய்க்கிழமைக்கு எத்தனை போட்டீர்கள்? மூன்று போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கச்சேரியில் ரூபகம் என்றால் இரண்டு தட்டு, ஒரு வீச்சு என்று போடுகிறோமே, அது பழக்கத்தில் வந்த சுருக்கம். அங்காரகம் உட்கார்ந்திருப்பது சூளாதி ரூபகத்தில், அதாவது ஏழு அடிப்படைத் தாளங்களில் ஒன்றான முழு ரூபகத்தில். முதலில் திருதம் (இரண்டு எண்ணிக்கை), பிறகு சதுஸ்ர லகு (நான்கு): தட்டு, வீச்சு, மறுபடி தட்டு, மூன்று விரல். ஆக ஆறு. நான் மிருதங்கம் கற்ற காலத்தில் இந்த ஏழு தாளத்தையும் அலங்காரம் என்ற ஸ்வரப் பயிற்சியோடு வாயால் சொல்லிக்கொண்டே போட வைப்பார்கள், அதனால் இது கையிலேயே இருக்கிறது.

ஜாதி என்பது லகுவின் நீளம்: திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7. சதுஸ்ர ஜாதி துருவம்: 4, 2, 4, 4. பதினான்கு. ஞாயிறு முடிந்தது. சதுஸ்ர மட்டியம்: 4, 2, 4. பத்து. ரூபகம் ஆறு. மிஸ்ர ஜம்பை: ஏழு எண்ணி, ஓர் அனுதிருதம் (ஒரு தட்டு), ஒரு திருதம். பத்து. திஸ்ர திரிபுடை: 3, 2, 2. ஏழு. கண்ட அட: 5, 5, 2, 2. பதினான்கு. சனிக்கு ஏகம், வெறும் நான்கு.

14, 10, 6, 10, 7, 14, 4. கூட்டினால் 65.

கூட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எத்தனை முறை இந்த ஏழையும் வரிசையாகப் போட்டிருப்பேன்! மொத்தத்தை எண்ண வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அலங்காரம் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு குழந்தையும் ஏழு தாளத்துக்கும் ஒவ்வோர் ஆவர்த்தனம் போட்டு முடிக்கும்போது 65ஆவது மேளமான கல்யாணியின் வாசலில் வந்து நிற்கிறது.

திங்கள், புதன் வரிக்கும் இப்போது பொருள் வந்துவிட்டது. இரண்டும் பத்துதான். ஆனால் மட்டியத்தில் திருதம் நடுவில் வரும். ஜம்பையில் லகு நீண்டு போய், கடைசி மூன்றில் ஒரு தட்டும், பிறகு தட்டு வீச்சும். எண்ணிக்கை ஒன்றானாலும் கைக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றவே தோன்றாது.

மிச்ச வரிகளை நிஷாதம் வந்து பார்க்கட்டும், ஸ்வரம் அவர் பக்கம்.

பழையஏடு:

ராகு, கேது பற்றி ஒரு வார்த்தை. அந்த இரண்டு கிருதிகளும் ரூபகத்தில்தான் பாடப்படுகின்றன. சேர்த்தால் 65ஓடு 12, ஆக 77. அந்த எண்ணில் மேளமே கிடையாது, ஆகவே புதிர் தானாகவே அந்தக் கதவை மூடிவிடுகிறது. ஆனால் எண் மூடுவதற்கு முன்பே ஏடு மூடிவிடுகிறது. எட்டயபுரத்தில் 1904இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் ஏழு கிருதிகள்தான் உண்டு. அவற்றை வார கீர்த்தனைகள் என்றே சொல்வது வழக்கம். ராகு, கேது கிருதிகள் தீட்சிதருடையவைதாமா என்று நெடுநாளாகப் பேச்சு இருக்கிறது. ஆகவே "கோளுக்கு" என்ற சொல்லைவிட "நாளுக்கு" என்ற சொல் இங்கே பொருந்தும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. தீட்சிதர் பரம்பரையில் 65ஆவது மேளத்துக்கு மேசகல்யாணி (கல்யாணியின் மேளப் பெயர்) என்று பெயர் இல்லை, சாந்தகல்யாணி. கீர்த்தனைகளை அவரிடமிருந்து எடுத்துவிட்டு மேளப் பெயரை வேறு மரபிலிருந்து எடுக்கலாமா என்று யாராவது கேட்கக்கூடும். கேட்டாலும் கணக்கு கலையாது. பெயரின் முதல் இரண்டு எழுத்திலிருந்து மேள எண்ணை எடுக்கும் கடபயாதி முறையில் ம ஐந்து, ச ஆறு, திருப்பினால் 65. சாந்தவில் சா ஐந்து, ந்த என்ற கூட்டெழுத்தில் கடைசியாக நிற்கும் த ஆறு, திருப்பினால் அதுவும் 65. இரு மரபும் பெயரைத்தான் மாற்றிக்கொண்டன, வீட்டு எண்ணை அல்ல.

ஜண்டைவரிசைக்கு ஒரு எச்சரிக்கை: கடபயாதியைத் தமிழ் எழுத்தில் போட்டுப் பார்த்தால் வழுக்கும். சாந்தகல்யாணியின் முதலெழுத்து ஐந்து, சாருகேசியுடையது ஆறு, சிம்மேந்திர மத்திமத்தினுடையது ஏழு. நாம் மூன்றையும் ச என்றே எழுதுகிறோம். எந்த ச என்று காதில் கேட்டபடி எண்ண வேண்டும். சிம்மேந்திரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூட்டெழுத்தில் கடைசி மெய்யை எடுக்க வேண்டும் என்ற விதிப்படி ஹ வர வேண்டும், அது எட்டு. அங்கே ம என்று எடுத்தால்தான் 57 சரியாக வரும். சக்ரவாகத்திலும் அப்படியே, விதிப்படி ர எடுத்தால் 26 ஆகி சாருகேசியின் இடத்தில் போய் முட்டும். க எடுத்தால்தான் 16. இவற்றைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மந்தரஸ்தாயி:

65 சரி. அரையிடம் சார் அந்தக் கூட்டலில் உட்கார்ந்துவிட்டேன் என்று எழுதியதைப் படித்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும் அதே இடத்தில்தான் அப்படி ஆயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன், பாதி வழிதான் வந்திருக்கிறீர்கள்.

ஜண்டைவரிசை, மத்திமத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று நீங்கள் பிடித்தது சரியான பிடி. அதை விட்டுவிடாதீர்கள்.

நிஷாதம்:

65 என்றதும் ஆறாவது வரி தானாகவே திறந்தது. 36 கழித்தால் 29, தீரசங்கராபரணம். ஆபரணம் நகை. ஆனால் அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வேறு பக்கம் போனேன், நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். மேளங்களை ஆறாறாகப் பிரித்த சக்கரங்களில் 61 முதல் 66 வரை ருத்ர சக்கரம். 65 அதற்குள் ஐந்தாவது. சங்கரன் என்றால் ருத்ரன்தானே, சக்கரத்தைத்தான் குறிக்கிறீர்களோ என்று நினைத்தேன். "நகை" என்ற சொல் மட்டும் அங்கே ஒட்டாமல் நின்றது, அதனால் திரும்பிவந்தேன். அந்தச் சொல் இல்லையென்றால் இன்னும் அங்கேயே சுற்றியிருப்பேன்.

உதட்டு வரியை எனக்குத் திறந்துகொடுத்தது திருக்குறள். 341ஆவது குறளை, யாதனின் யாதனின் என்று தொடங்குவதை, உதடு ஒட்டாமல் சொல்லலாம் என்று பள்ளியில் காட்டுவார்களே, அது நினைவுக்கு வந்தது. உடனே ஏழு ஸ்வரத்தையும் மெதுவாக வாயில் சொல்லிப் பார்த்தேன். ஸ, ரி, க, உதடு திறந்தே இருக்கிறது. ம, மூடுகிறது. ப, மூடுகிறது. த, நி, திறந்திருக்கிறது. ஆக உதடு கேட்பது இரண்டே ஸ்வரம். கல்யாணியிலிருந்து ம, ப இரண்டையும் எடுத்துவிட்டால் ஸ ரி க த நி.

இதைப் பாடிப் பார்க்கச் சொல்வேன். காந்தாரத்திலிருந்து தைவதத்துக்கு ஒரே தாவல். பின்னால் தம்புராவில் பஞ்சமம் ஒலித்துக்கொண்டே இருக்கிறது, வாய் அதைத் தொடாமல் தாண்டிப் போகிறது. முதலில் கால் வைக்க இடமில்லாத மாதிரி இருந்தது. கொஞ்சம் பழகியதும் தைவதத்தில் நின்றுவிட்டு நிஷாதத்தைத் தொட்டு மேலே போவது அவ்வளவு தெளிவாக, வெளிச்சமாக இருக்கிறது. கல்யாணியின் பாவம் என்று சொல்ல முடியாது, சங்கராபரணம் என்றும் சொல்ல முடியாது. அங்கேதான் ஏழாவது வரியின் அழகு புரிந்தது. இரண்டு மேளத்துக்கும் வித்தியாசமே மத்திமம்தான். அதை எடுத்துவிட்டால் 29உம் 65உம் ஒரே வீடாகிவிடுகின்றன.

ராகம் நிரோஷ்டா. பாட்டு ராஜராஜ ராதிதே. பாடியவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். ராகத்தில் ம, ப இல்லாதது போலவே சாஹித்யத்திலும் உதடு ஒட்டும் எழுத்து வராமல் கட்டியிருக்கிறார். வாய் திறந்தபடியே முழுப் பாட்டையும் பாடி முடிக்கலாம். ஊர்ப்பெயரால் ஒப்பம் என்றது அவருடைய ஹரிகேச முத்திரை.

ஜண்டைவரிசை:

நிஷாதம் சார் எழுதியதைப் படித்துவிட்டு நானும் கண்ணாடி முன்னால் நின்று ஸ்வரம் சொல்லிப் பார்த்தேன். இத்தனை நாள் ஸரளி வரிசை பாடுகிறேன், எந்த ஸ்வரத்துக்கு உதடு சேர்கிறது என்று கவனித்ததே இல்லை.

ஆனால் ஒரு கேள்வி, அக்கா. "முத்து" என்றதும் எனக்கு முத்துஸ்வாமி தீட்சிதர்தான் தோன்றினார். புதிரே அவருடைய கிருதிகளில்தான் தொடங்குகிறது. கடைசி வரியில் அவரை நினைப்பது இயல்புதானே? அது நியாயமான திருப்பமா, அல்லது வேண்டுமென்றே வழி தப்ப வைப்பதா?

அரையிடம்:

நியாயம்தான் என்பேன், ஏனென்றால் அதே வரியிலேயே தடுப்பும் இருக்கிறது. தீட்சிதரின் முத்திரை குருகுஹ. அது ஊர்ப்பெயர் அல்ல. தியாகராஜர் தம் பெயரையே வைத்தார், சியாமா சாஸ்திரி சியாமகிருஷ்ண என்று வைத்தார். ஊர்ப்பெயர் என்று கேட்டதும் இவர்கள் யாரும் நிற்கமாட்டார்கள். தீட்சிதரை நினைத்துவிட்டு அடுத்த சொல்லைப் படித்தால் திரும்பிவிடலாம்.

விடை ஒன்றுதானா என்ற கேள்விக்கு என் பக்கத்திலிருந்து ஒரு சோதனை செய்தேன். ஏழு தாளம், ஐந்து ஜாதி, மொத்தம் 35. இந்த 35இலும் பதினான்கு அட்சரம் எதற்கெல்லாம் வருகிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சதுஸ்ர துருவம், கண்ட அட, இரண்டே இரண்டு. வேறு எதற்கும் வராது! ஞாயிறும் வெள்ளியும் பிறந்ததிலிருந்தே சோடி. பத்துக்கு மட்டும் மூன்று உண்டு: சதுஸ்ர மட்டியம், மிஸ்ர ஜம்பை, கூடவே திஸ்ர அட (3, 3, 2, 2). ஆனால் வெள்ளிக்கு ஏற்கெனவே அட போய்விட்டதால் அது புதனுக்கு வர வழியில்லை.

தவறாகக் கூட்டுகிறவர்கள் எங்கே போவார்கள் என்றும் பார்த்தேன். ரூபகத்தை மூன்றாக எண்ணினால் 62, அதைத் தம்பி சொல்லிவிட்டார். திரிபுடை என்றதும் பழக்கத்தில் ஆதி தாளத்தின் எட்டைப் போட்டுவிட்டால் 66, சித்ராம்பரி. 36 கழித்தால் 30, நாகானந்தினி. அங்கேயும் சங்கரன் இல்லை. ஆகவே ஆறாவது வரி பூட்டு மாதிரி வேலை செய்கிறது, கூட்டல் பிசகினால் திறக்காது.

பழையஏடு:

ஒரு சிறு ஆட்சேபம், பிறகு ஒத்துக்கொள்கிறேன். பட்டியல்களில் நிரோஷ்டாவை 29இன் ஜன்யமாக, அதாவது அதிலிருந்து பிறந்த ராகமாகப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். புதிர் 65இலிருந்து அதற்குப் போகிறது. ஏட்டை வைத்து அவிழ்ப்பவர் இங்கே இடறலாம். ஆனால் ம இல்லாத ராகத்துக்கு எந்தத் தாய் என்பது வழக்கத்தைப் பொறுத்தது. மோகனத்தில் மவும் இல்லை, நியும் இல்லை. 28, 29, 64, 65 நான்கிலும் அதை வைக்கலாம், ஹரிகாம்போதியில் வைத்துப் பழகிவிட்டோம். ஹம்ஸத்வனியிலும் ம கிடையாது, அதையும் 29, 65 இரண்டிலும் வைக்கலாம். புதிர் சங்கராபரணத்தையும் பெயர் சொல்லியே குறிப்பதால் இரண்டு தாயும் உள்ளே இருக்கிறார்கள். என் ஆட்சேபத்தை எடுத்துக்கொள்கிறேன்.

மந்தரஸ்தாயி:

இவ்வளவு அக்கறையாக ஒவ்வொரு வரியையும் தட்டிப் பார்த்ததற்கு நன்றி. 35 தாளத்தையும் எழுதி சோதிப்பார் ஒருவர் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பதினான்குக்கு இரண்டே தாளம் என்பது எனக்கும் புதிது.

இது எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன் என்றேனே. ஒரு மாணவிக்கு ஏழு தாள அலங்காரத்தை விடாமல் தொடர்ச்சியாகப் போடச் சொல்லி, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆவர்த்தனம் எங்கே முடிகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஏகம் முடிந்தபோது 65இல் நின்றது. அவள் அலங்காரத்தை அன்றைக்குக் கல்யாணியில்தான் பாடிக்கொண்டிருந்தாள். அடுத்த பாடத்துக்கு அவளைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டு மறுபடி எண்ணிப் பார்த்தேன். தற்செயல்தான், யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அதை என்னோடு வைத்துக்கொள்ள முடியவில்லை.

நிரோஷ்டாவை அதோடு சேர்க்கக் காரணம், நிஷாதம் சார் பிடித்த அதே இடம். இரண்டு பெரிய ராகங்களை ஒரு ஸ்வரம் பிரிக்கிறது, அந்த ஸ்வரத்தை எடுத்தால் பிரிவே இல்லை. இதைப் பாடத்தில் சொல்லும்போது தலையாட்டுவார்கள். ஸ ரி க த நி என்று பாட வைத்து, "இப்போது நீ பாடியது கல்யாணியா, சங்கராபரணமா, சொல்" என்று கேட்டால் முகத்தில் ஒரு திகைப்பு வரும். அந்தத் திகைப்பு இங்கே இருப்பவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"முத்து" அப்படியே இருக்கட்டும். தீட்சிதரை நினைத்துவிட்டு, ஒரு நிமிடம் குருகுஹ முத்திரையை எண்ணிப் பார்த்து, பிறகு பாகவதரிடம் வருவதில் நஷ்டம் எதுவும் இல்லை. 1835இல் மறைந்தவரிடம் தொடங்கி 1877இல் பிறந்தவரிடம் முடிகிறது, இருவர் பெயரிலும் முத்து.

பழையஏடு ஐயா சொன்னபடி இரண்டாவது வரியை மாற்றிவிட்டேன்: "நாளுக்கு ஓர் ஆவர்த்தனம்." மற்றவற்றில் கை வைக்கவில்லை. அடுத்த முறை ஜண்டைவரிசையுடையது.

ஜண்டைவரிசை:

என் முறை என்றதால் இப்போதே போட்டுவிடுகிறேன், சிறியதுதான். பாடிப் பார்த்து அவிழ்க்கிற மாதிரியே முயன்றிருக்கிறேன்.

ஐந்து பேர் ஒரே பாயில்.
யார் "நான்தான் ஸ" என்றாலும் மற்றவர் இடம் மாறவில்லை,
பெயர் மட்டும் மாறியது.
மயக்குபவள் முதலில் சொன்னாள்;
அவளுக்கு அடுத்தவர் சொன்னபோது மங்களம் பாடி எழுந்தார்கள்.
மூன்றாமவர் சொன்னதும் ஊஞ்சல் ஆடியது.
மீதி இருவர் பெயரிலும் சுத்தம்.

நிஷாதம்:

மயக்குபவள் மோகனம். ரிஷபத்தை ஸ ஆக வைத்தால் மத்யமாவதி, அதில் மங்களம் பாடி முடிப்பது வழக்கம். காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம், ஊஞ்சல் அதுதான். பஞ்சமத்தில் சுத்தசாவேரி, தைவதத்தில் சுத்ததன்யாசி. ஐந்தையும் ஒரே சுருதியில் தம்புராவை நிறுத்திவிட்டுப் பாடிப் பார்த்தேன், எல்லாம் சரியாக விழுகிறது. தம்பி, "இடம் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது" என்ற வரி நன்றாக இருக்கிறது. ஆதார ஸ்வரத்தை மாற்றி வேறு ராகம் காணும் கிரகபேதத்தை இதைவிடச் சுருக்கமாக நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.